புள்ளைகளுக்கு மலாய் மறக்காம இருக்க நாங்க செய்றது

எங்க கீழக்கரைல சபர்னு வெளிநாட்டுக்குப் பொழைக்கப் போகாத வீடு கம்மி, ஆனா போன நாட்டு பாஷை மட்டும் ஏர்போர்ட்டோட நின்னுரும். எங்க புள்ளைக மூணு வருஷம் கோலாலம்பூர்ல இருந்துட்டு மலாய் தண்ணியா பேசிக்கிட்டுதான் ஊருக்கு வந்துச்சுக, ஆறே மாசத்துல எல்லாம் போச்சு. ஆன்லைன் கிளாஸுக்கு காசு கட்டுனேன், கலர் பேரையும் கிழமை பேரையும் ஒப்பிக்கிறதோட சரி. வீட்டுக்குள்ளயே பினாங்குல பொறந்து பன்னெண்டு வயசு வரைக்கும் அங்கயே வளந்த மாமியார வச்சுக்கிட்டு நான் வெளில தேடியிருக்கேன் பாருங்க.

நாள் பூரா மலாய்லதான் பேசணும்னு கிளம்பாதீங்க, மூணு நாள்ல விட்டுருவீங்க. ஒரு ஆளு, ஒரு வேலை, அந்த வேலை நடக்குறப்ப மட்டும் அந்த பாஷை. எங்க வீட்டுல அது மாமியோட அடுப்படி. மாமி தொதல்ங்கிற தேங்காப்பால் இனிப்பு கிண்ட உக்காந்தா தமிழ் கிடையாது. தேங்காப்பால் 'சந்தான்', கிண்டுறதுக்கு 'காச்சாவ்', சின்னவன் ரொம்ப நாளா மாமி காய்ச்சுன்னுதான் சொல்றாகன்னு நெனச்சிருக்கான். 'சூடா?'ன்னு கேட்டா முடிஞ்சுதான்னு அர்த்தம், இவன் ஆமா நல்லா கொதிக்குதுங்கிறான். மாமி சிரிச்சுக்கிட்டே 'பெலும்'னாக, இன்னும் இல்லையாம். தொதல் எண்ணெய் பிரிஞ்சு சட்டில ஒட்டாம வர்ற வரைக்கும் கை ஓயாம கிண்டணும், அதுக்குள்ள அந்த பெலும் இருபது தடவ வந்துரும், எந்த டீச்சர் ஒரே வார்த்தைய இருபது தடவ சொல்லுவாக?

புள்ள தமிழ்ல பதில் சொன்னா அதட்டாதீங்க, அதையே மலாய்ல திருப்பிச் சொல்லிட்டு வேலைய பாருங்க. விருந்தாளி வந்தா 'எங்க, மலாய்ல ஒன்னு பேசிக் காட்டு'ன்னு மட்டும் புள்ளைய கேக்கவே கேக்காதீங்க, எங்க மூத்தவ அதுலதான் வாய மூடுனா.

தமிழ் தெரிஞ்ச புள்ளைக்கு மலாய்ல ஒரு சவுகரியம் இருக்கு. கடை அங்க 'கெடாய்', கப்பல் 'காப்பால்', கட்டில் 'காத்தில்', எல்லாம் இங்கிருந்து போனதுதான். நாம, நாங்கன்னு நாம பிரிக்கிற மாதிரியே அங்க 'கித்தா', 'காமி'. கேக்குற ஆளையும் சேத்தா கித்தா, இல்லாட்டி காமி. இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதான், அதனால இங்கிலீஷ் வழியா சொல்லிக் கொடுக்காதீங்க, நேரா தமிழ்லருந்து போங்க.

எழுத்துல ஒரு வம்பு வந்துச்சு. மாமி கடைச் சிட்டைல சின்னதுங்கிற 'கெச்சில்'ல 'ச்ச' சத்தத்துக்கு இங்கிலீஷ் எழுத்து சி, எச் ரெண்டும் போட்டு எழுதியிருந்தாக, மூத்தவ புஸ்தகத்துல சி மட்டும்தான். தப்புன்னு சிவப்பு பேனால அடிச்சுட்டா. மாமி ஒரு வாரம் பேனாவே தொடல. தப்பே இல்லைங்க, 1972ல மலேசியால எழுத்து முறைய மாத்துனாங்க, மாமி அதுக்கு முன்னாடி ஸ்கூல் போனவக. பழசு இது, புதுசு இதுன்னு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதச் சொல்லுங்க. குர்ஆன் ஓதத் தெரிஞ்ச புள்ளைன்னா ஜாவியும் காட்டலாம், நம்ம முன்னோர் அரபு எழுத்துல தமிழ எழுதி அர்வின்னு வச்சிருந்த மாதிரி மலாய்க்காரங்க வச்சிருக்கறதுதான் ஜாவி.

மலாய் மாதிரி அரபும் புள்ளைக்கு வருமான்னு கேக்குறவகளுக்கு: ஓதுறது வேற, பேசுறது வேற. என்ன வேணும்ங்கிறதுக்கு புஸ்தகத்துல 'மாதா துரீத்', ரியாத் பக்கம் போனா 'வெஷ் தபி'. பேச்சு வேணும்னா அங்க இருக்குற காக்காவ, அதான் அண்ணன, போன்ல பேச வைங்க.

போன்னா வீடியோ கால் வேணாம், சாப்டியா தூங்குனியாவோட முடிஞ்சுரும். எங்க வீட்டுக்காரர் தினம் ராத்திரி கடைய பூட்டிட்டு மலாய்ல ஒரு நிமிஷ வாய்ஸ் நோட் போடுவாக, இன்னைக்கு யாரு வந்தா, என்ன வித்துச்சு, கடைசில ஒரு கேள்வி. காலைல ஸ்கூல் வேன் வர்றதுக்குள்ள புள்ளைக பதில் அனுப்பணும். நேத்து ஹோம்வொர்க் முடிஞ்சுதான்னு கேட்டதுக்கு சின்னவன் பதில் ஒரே வார்த்தை, பெலும்.