ஸோர்கி-4: வைண்ட் பண்ணாம அந்த டயலைத் தொடாதீங்க

போன வாரம் ஒரு தம்பி புதுசா வாங்குன ஸோர்கி-4ஐ, அந்த பழைய சோவியத் ஃபிலிம் கேமராவை, கொண்டு வந்தான், நான் கையில வாங்குறதுக்குள்ளயே "ஸ்பீடெல்லாம் வேலை செய்யுதுண்ணா, பாருங்க"ன்னு ஷட்டர் ஸ்பீடு டயலைத் தூக்கி கறகறன்னு திருப்பிட்டான். எனக்கு வயித்துல புளியைக் கரைச்சுது. புதுசா பிடிக்கிறவங்க லென்ஸ் மூடியைக் கழட்டாம படம் எடுக்குறதெல்லாம் ரெண்டு ரோல் போனா தானா சரியாயிடும், அதை விடுங்க.

டயல் விஷயம்

இந்த கேமராவுல ஷட்டர் அடிக்கும்போது ஸ்பீடு டயலும் கூடவே சுத்தி வேற இடத்துல போய் நிக்கும். வைண்ட் பண்ணி, அதாவது குமிழைச் சுத்தி ஃபிலிமை நகர்த்தி, ஷட்டரை ஏத்தினாதான் மறுபடி தன் இடத்துக்கு வரும், அப்பதான் எழுதியிருக்குற நம்பரும் புள்ளியும் ஒத்துப்போகும். ஏத்தாம திருப்பினா எந்த ஸ்பீடு வச்சோம்னே தெரியாது, அது பரவால்ல, அழுத்தித் திருப்பினா உள்ள இருக்குற சின்னப் பின்னு வளைஞ்சிடும். நான் அதைத்தான் பண்ணேன். விக்கிறவரே எனக்கு அப்படித்தான் திருப்பிக் காட்டினாரு, நானும் வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் விளையாடினேன், கடைசில குமிழ் பாதியில இறுகி நின்னுடுச்சு. ரிப்பேருக்கு ஆன காசு கேமரா வாங்குன காசை விட ஜாஸ்தி. மாஸ்கோ பக்கத்துல கிராஸ்னோகோர்ஸ்க்ல 1956லேர்ந்து 1973 வரைக்கும் 17 லட்சத்துக்கு மேல செஞ்சு தள்ளினாங்க, அதனால கேமரா சல்லிசா கிடைக்குது, பிரிச்சு மாட்டத் தெரிஞ்ச ஆளு கிடைக்கணுமே. இன்னும் வீடியோல யாராவது ஏத்தாம டயலைத் திருப்புறதைப் பாத்தா எனக்கு பத்திக்கிட்டு வரும்.

முதல்ல வைண்ட், அப்புறம் தூக்கு, திருப்பு, விடு. அவ்ளோதான்.

வெயிலு

எஸ்எல்ஆர் கேமராவுல லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவுல முகம் பாக்குற மாதிரி கண்ணாடி இருக்கும், இதுல இல்ல. லென்ஸுக்குப் பின்னாடி இருக்குறது ரப்பர் பூசுன துணித்திரை, அதுதான் ஷட்டர். ஜூப்பிட்டர்-8 லென்ஸை எஃப்/2ல முழுசா திறந்து வச்சு, மூடி போடாம வெயில்ல வச்சீங்கன்னா பூதக்கண்ணாடி வேலை பாத்து திரையில ஓட்டை விழும். அப்புறம் ஒவ்வொரு படத்துலயும் ஒரு வெள்ளைப் புள்ளி.

வ்யூஃபைண்டர் மங்கலா இருக்கா

கெட்டுப்போகல. ரீவைண்ட் குமிழுக்கு அடியில ஒரு லீவர் இருக்கும், அது உங்க கண்ணுக்குத் தக்கபடி பவர் மாத்துறது. நான் இது தெரியாம லென்ஸைத் துடைச்சுத் துடைச்சே ஓஞ்சேன்.

மூக்குக் கண்ணாடி போடுறவங்க

கண்ணை வச்சுப் பாக்குற ஐபீஸ் வளையம் வெறும் மெட்டல், உங்க கண்ணாடியைக் கீறிடும். சுத்தி ரப்பர் ஒட்டுங்க.

எண்ணெய்

விடாதீங்க.