கை முந்தும், வாய் பிந்தும்: ஒரு எஞ்சின் நின்றதும் நடக்கும் தவறுகள்

சனிக்கிழமை பின்னேரங்களில் உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் சிலர் மட்டக்களப்புக் கல்லடியில் என் வீட்டுக்கு வருவார்கள். முன்னறையில் இரண்டு கதிரை, இரண்டு ஜோடி கால்மிதிகள், ஒரு கணினி. விமானி ஆக வேண்டும் என்ற ஆசை உள்ள பிள்ளைகளுக்கு அங்கேதான் சிமுலேட்டர் பழக்குகிறேன். மட்டக்களப்பு விமான நிலையம் இருக்கும் திமிலைதீவின் ஓடுபாதையில் இருந்து இரட்டை எஞ்சின் சிறிய ஜெட் ஒன்றைக் கிளப்பச் சொல்லி, வாவிக்கு மேலே ஏறும்போது இடது எஞ்சினை நிறுத்திவிடுவேன்.

போன மாதம் ஒரு தம்பிக்கு அப்படிச் செய்தேன். "சேர், இடப்பக்கம் கிறுகுது" என்று இணை விமானி கதிரையில் இருந்த பிள்ளை சொல்லி முடிக்கவில்லை, இவன் வலது எஞ்சினை அணைத்துவிட்டான். கெட்டிக்காரன், செக்லிஸ்ட் எல்லாம் தலைகீழாகத் தெரியும். இருந்த ஒரே எஞ்சினையும் இழந்து, விமானம் வாவிக்குள் போனது.

இதைச் சின்னப் பிள்ளையின் பதற்றம் என்று தள்ளிவிடாதீர்கள். 2015 பெப்ரவரி 4ஆம் திகதி தாய்பேயில் டிரான்ஸ்ஏசியா நிறுவனத்தின் ஏ.டி.ஆர். விமானம் ஒன்று கிளம்பிய கொஞ்ச நேரத்தில் வலது எஞ்சின் வலு இழந்தது. அனுபவமுள்ள விமானி நிறுத்தியதோ இடது எஞ்சினை. 58 பேரில் 43 பேர் இறந்தார்கள். அது புரொப்பெல்லர் சுழலும் விமானம்தான், ஜெட் அல்ல. ஆனால் கை போன வழி ஒன்றுதான்.

1989 ஜனவரி 8ஆம் திகதி இங்கிலாந்தில் கெக்வேர்த் என்ற ஊருக்குப் பக்கத்தில் விழுந்த போயிங் 737-400 விபத்தை நான் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வேன். இடது எஞ்சினின் விசிறித் தகடு ஒன்று உடைந்தது. விமானிகள் வலது எஞ்சினைச் சந்தேகித்து அதன் வலுவைக் குறைத்தார்கள். குறைத்ததும் அதிர்வும் புகையும் தணிந்தன. தணிந்தது வேறு காரணத்தால். எஞ்சின் வலுவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் தானியங்கி த்ரொட்டிலை விடுவித்ததில் இடது எஞ்சினுக்குப் போகும் எரிபொருளும் குறைந்துவிட்டது. அவர்களுக்கோ தங்கள் முடிவு சரி என்று உறுதியாகிவிட்டது. தரையிறங்கப் போகும் நேரத்தில் இடது எஞ்சின் முற்றாகக் கைவிட்டது. 126 பேரில் 47 பேர் இறந்தார்கள். ஒரு பிழையான முடிவுக்குப் பிறகு நிலைமை தற்செயலாகக் கொஞ்சம் நல்லதாகத் தெரிந்தால், அந்தப் பிழையை நாம் மறுபடி தொட்டுப் பார்ப்பதே இல்லை. எனக்கு மிகவும் பயம் தருவது இந்த இடம்தான்.

சரி, அந்த முதல் சில வினாடிகளில் என்னதான் செய்வது? எஞ்சினை விட்டுவிட்டு விமானத்தைப் பார்க்க வேண்டும். ஓடுபாதை ஓட்டத்தில் வீ-ஒன் என்ற தீர்மான வேகம் தாண்டிவிட்டால் இனி நிறுத்தாமல் கிளம்புவதுதான்; ஒரு எஞ்சினோடு மேலே ஏற விமானத்தால் முடியும். பயணிகள் விமானங்களுக்கான சான்றிதழ் விதிப்படி, இரண்டு எஞ்சின் உள்ள விமானம் ஒன்றை இழந்த பிறகும், சக்கரத்தை மடித்த நிலையில், 100 மீட்டர் முன்னே போனால் குறைந்தது 2.4 மீட்டர் மேலே ஏறக்கூடியதாக இருக்க வேண்டும். மெதுவான ஏற்றம்தான், ஆனால் ஏற்றம். அதனால்தான் பல இடங்களில் 400 அடி உயரம் வரும்வரை எச்சரிக்கை மணியை நிறுத்துவது, சக்கரத்தை மடிப்பது தவிர வேறெதையும் தொடாதே என்று பழக்குகிறார்கள். மூக்கை நேராக வைத்திரு, வேகத்தைக் காப்பாற்று. அவ்வளவுதான் அங்கே வேலை.

மூக்கை நேராக வைப்பதில் ஒரு தவறு வழமையாக வரும். வாவியில் தோணியை ஒரு பக்கம் மட்டும் துடுப்பு போட்டால் மற்றப் பக்கம் திரும்புமே, அதே கதைதான். இடது எஞ்சின் நின்றால் விமானம் இடப்பக்கம் திரும்பும், கூடவே இடப்பக்கம் சரியும். பிள்ளைகள் உடனே கைப்பிடியை வலப்பக்கம் திருப்புவார்கள். திருத்தம் காலில் இருந்துதான் வர வேண்டும். சுக்கான் மிதியை மிதித்து மூக்கை நேராக்கிய பிறகுதான் கைப்பிடி.

நேராக்கிவிட்டால் எந்தக் கால் சும்மா இருக்கிறதோ அந்தப் பக்க எஞ்சின்தான் செத்தது என்று ஒரு பழைய வழி உண்டு. நல்ல வழி. ஆனால் சிறிய ஜெட் விமானங்களில் அதை மட்டும் நம்பக் கூடாது. அவற்றில் எஞ்சின்கள் பெரும்பாலும் வாலுக்குப் பக்கத்தில், உடலோடு ஒட்டி இருக்கும். நடுக்கோட்டுக்குக் கிட்ட இருப்பதால் திரும்பும் இழுப்புக் குறைவு, காலுக்குத் தெரிவதும் குறைவு. எஞ்சின் வலுவோடு ஓடிக்கொண்டே தீப்பிடித்தாலும் கால் எதையும் சொல்லாது. ஆகவே மானிகளைப் படிக்க வேண்டும்: விசிறிச் சுழற்சி, டர்பைன் வெப்பம், எண்ணெய் அழுத்தம், அதிர்வு. ஒருவர் "இடது எஞ்சின்" என்று விரல் வைத்துக் காட்ட, மற்றவர் மானியைப் பார்த்து "இடது, சரி" என்று சொன்ன பிறகு த்ரொட்டிலை மெதுவாகக் குறைப்பது. எரிபொருளை மூடுவதற்கு முன்பும் அதே கேள்வி, அதே பதில்.

"டமார்" என்ற சத்தமும் பின்னால் சுவாலையும் வந்தாலே தீ என்று நினைக்கக் கூடாது. வாவிக் கரையில் கொக்கும் நீர்க்காகமும் குறைவில்லை. பறவை உள்ளே போனால் காற்றோட்டம் குழம்பி எஞ்சின் அப்படிச் சத்தமிடலாம், வலுவைக் குறைத்ததும் அடங்கவும் கூடும். உண்மையான தீ எச்சரிக்கை என்றால் அந்த விமானத்தின் கையேட்டில் உள்ள ஒழுங்குதான். தீயில் எரிந்த எஞ்சினையும் சுற்றாமல் இறுகிப்போன எஞ்சினையும் மறுபடி இயக்கிப் பார்க்க ஆசைப்படக் கூடாது.

இனி வாய்க்கு வருகிறேன். கெக்வேர்த்தில் வலது எஞ்சினில்தான் கோளாறு என்று விமானி அறிவித்தபோது, இடப்பக்கம் நெருப்பைக் கண்ட பயணிகள் உள்ளே இருந்தார்கள். அந்தச் செய்தி விமானிகளிடம் போய்ச் சேரவில்லை. நம்மிடமும் இந்தப் பழக்கம் ஆழமாக இருக்கிறது. சேர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், அண்ணனுக்குத் தெரியாததா என்று வாயை மூடிக்கொள்கிறோம். என் அறையில் இணை விமானி கதிரையில் இருக்கும் பிள்ளை நான் பிழை விட்டால் "சேர், அது மற்றப் பக்கம்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். வேண்டுமென்றே பிழை விட்டுப் பார்ப்பேன். முதல் கிழமைகளில் ஒருவரும் சொல்வதில்லை.

கட்டுப்பாட்டுக் கோபுரத்திடம் மறைப்பதும் அதே வகை. 2004 ஒக்டோபர் 14ஆம் திகதி அமெரிக்காவில் பயணிகள் இல்லாமல் பறந்த பினாக்கிள் நிறுவனத்தின் சி.ஆர்.ஜே.-200 ஜெட்டை இரு விமானிகளும் அதன் உச்ச எல்லையான 41,000 அடிக்கு ஏற்றினார்கள். வேகம் குறைந்து விமானம் தடுமாற, இரண்டு எஞ்சின்களும் அணைந்தன. அவர்கள் முதலில் ஒன்றுதான் நின்றது என்று சொன்னார்கள். மறுபடி இயக்கத் தேவையான வேகத்தையும் பிடிக்கவில்லை. உண்மையைச் சொன்னபோது எட்டக்கூடிய ஓடுபாதைகள் கைவிட்டுப் போயிருந்தன. இருவரும் இறந்தார்கள். 1990இல் நியூயோர்க் அருகே விழுந்த அவியாங்கா 52 விமானத்தில் எரிபொருள் தீர்ந்து எஞ்சின்கள் நின்றன. எரிபொருள் குறைகிறது என்று சொன்னார்களே தவிர, அவசரநிலை என்ற சொல்லை அவர்கள் சொல்லவே இல்லை. 73 பேர் இறந்தார்கள். ஆங்கிலம் பேசக் கூச்சப்படும் நம் பிள்ளைகள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். இலக்கணம் முக்கியமில்லை மனே. அவசர உதவி கேட்கும் சொல்லான "மேடே" மூன்று தரம், விமானத்தின் அழைப்புப் பெயர், என்ன நடந்தது, எங்கே போகிறோம். அப்புறம் மிச்சம்.

எங்கே போவது என்பதிலும் அவசரம் புகும். தீ அடங்காவிட்டால் கிட்ட உள்ள ஓடுபாதைதான். அடங்கிவிட்டால் கிட்ட இருப்பதை அல்ல, பொருத்தமானதைத் தேட வேண்டும். ஒரு எஞ்சினில் இறங்கும்போது பல விமானங்களில் ஃபிளாப் (இறக்கையின் பின்னால் இறக்கும் தகடு) குறைவாகவும் வேகம் கூடுதலாகவும் இருக்கும், ஓட்டமும் நீளும். மாரி மழையில் ஓடுபாதை நனைந்திருந்தால் இன்னும் நீளும். அம்பாந்தோட்டைப் பக்கம் மத்தளை விமான நிலையத்தில் 3,500 மீட்டர் ஓடுபாதை இருக்கும்போது திமிலைதீவுக்கே திரும்புவேன் என்று அடம்பிடிக்க வேண்டியதில்லை. இறங்க முடியாமல் மறுபடி ஏறினால் வலுவைக் கூட்டும் அதே கணத்தில் காலும் மிதிக்க வேண்டும். பலர் இங்கேதான் மறக்கிறார்கள்.

இறங்கிய பிறகு தீ பற்றிச் சந்தேகம் இருந்தால் தரிப்பிடத்துக்கு ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. ஓடுபாதையிலேயே நிறுத்தி, தீயணைப்பு ஆட்களைப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஆட்களை இறக்குவது என்று முடிவானால், கதவைத் திறக்க முன் ஓடிக்கொண்டிருக்கும் மற்ற எஞ்சினையும் அணைத்துவிட வேண்டும்.