திரும்ப அழைக்கும் மோடம்: விண்டோஸ் 2003 சர்வரில் கால்பேக் அமைக்கும் முறை

பிராட்பேண்ட் படுத்துவிட்ட நாளில் அலுவலக சர்வருக்குள் நுழைய எங்களுக்கு டயல்-அப் (மோடம் மூலம் ஒரு தொலைபேசி எண்ணை அழைத்து இணைவது) ஒன்றுதான் வழி. ஆனால் அந்த எண்ணை யார் வேண்டுமானாலும் அழைக்கலாம். வரிசையாக எண்களைச் சுழற்றி, எங்கே மோடம் கீச்சிடுகிறது என்று தேடுவதற்கென்றே நிரல்கள் இருக்கின்றன. கால்பேக் போட்டுவிட்டால், சர்வர் உங்கள் பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்த்தவுடன் இணைப்பைத் துண்டித்துவிட்டு, தன்னிடம் பதிந்திருக்கும் எண்ணுக்குத் தானே அழைக்கும். கடவுச்சொல் வேறொருவன் கைக்குப் போயிருந்தாலும் மணி உங்கள் வீட்டில்தான் அடிக்கும்.

வெளியிலிருந்து வரும் இணைப்புகளைக் கவனிக்கும் விண்டோஸ் சேவையான 'ரூட்டிங் அண்ட் ரிமோட் ஆக்சஸ்' இயங்குகிறது, மோடம் நிறுவியாகிவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன். மோடம் மட்டும் சீரியல் போர்ட்டில் செருகும் வெளி மோடமாக இருக்கட்டும். கணினிக்குள் செருகும் மலிவு அட்டைகளை நான் சர்வர் பக்கமே அண்டவிடுவதில்லை. வெளி மோடம் என்றால் விளக்குகளைப் பார்த்தே பாதிக் கோளாறைக் கண்டுபிடித்துவிடலாம். பெட்டியில் 56கே என்று போட்டிருக்கும். இரு முனையிலும் சாதாரணத் தொலைபேசி இணைப்பு என்றால் வேகம் 33.6கேக்கு மேல் போகாது. வீணாக மோடத்தைத் திட்டாதீர்கள்.

1. பயனர் கணக்கின் பண்புகளில் 'டயல்-இன்' பக்கத்தைத் திறந்து அனுமதி கொடுங்கள். அதன் கீழே கால்பேக்குக்கு மூன்று தேர்வுகள் இருக்கும். பாதுகாப்பு வேண்டுமென்றால் மூன்றாவதான 'ஆல்வேஸ் கால்பேக் டூ' ஒன்றுதான். எண்ணை அங்கேயே எழுதிவிடுங்கள். நடுவில் இருக்கும் 'செட் பை காலர்', அழைப்பவர் சொல்லும் எண்ணுக்கு அழைக்கும். எஸ்டிடி செலவு அலுவலகத்தின் தலையில் விழும், அவ்வளவுதான். திருடனும் தன் எண்ணைச் சொல்லிவிட்டுப் போவான்.

2. சர்வரின் பண்புகளில் 'பிபிபி' பக்கத்தில் 'எல்சிபி எக்ஸ்டென்ஷன்ஸ்' கட்டத்தில் டிக் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் கால்பேக் பேச்சே எழாது. 'செக்யூரிட்டி' பக்கத்தில், கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் முறைகளில் எம்எஸ்-சாப் பதிப்பு 2ஐ மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை எடுத்துவிடுங்கள்.

3. இனிதான் நான் இரண்டு வாரம் முட்டிக்கொண்ட இடம். எங்கள் மோடம் அலுவலக பிபிஎக்ஸின் (அலுவலகத்துக்குள்ளேயே இருக்கும் சிறு தொலைபேசி இணைப்பகம்) எக்ஸ்டென்ஷன் ஒன்றில் இருந்தது. வெளி லைன் ஒன்றை அதற்கே திருப்பிவிட்டிருந்தோம். உள்ளே வரும் அழைப்பு அருமையாக வரும், கடவுச்சொல் ஏற்கும், துண்டிக்கும். பிறகு ஒன்றும் நடக்காது. அருகில் உட்கார்ந்து பார்த்தால், மோடம் ரிசீவரை எடுத்ததைக் காட்டும் 'ஓஹெச்' விளக்கு எரிந்து சில விநாடிகளில் அணைகிறது. பிபிஎக்ஸ் தரும் டயல் டோன் தொலைபேசி நிலையத்தின் டோன் போல இல்லாததால், டோனே இல்லை என்று மோடம் ரிசீவரை வைத்துவிடுகிறது.

யாரைக் கேட்டாலும் ஒரே மருந்துதான் சொல்வார்கள்: மோடம் பண்புகளில் 'வெயிட் ஃபார் டயல் டோன்' டிக்கை எடு, எண்ணுக்கு முன்னால் வெளி லைனுக்கான பூஜ்யமும் காற்புள்ளியும் போடு. ஒரு காற்புள்ளிக்குப் பொதுவாக 2 விநாடி இடைவெளி. செய்தேன், வேலை செய்தது. போட்ட பூட்டை நானே திறந்து வைத்திருக்கிறேன் என்பது பிறகுதான் உறைத்தது. சில நிலையங்களில், அழைத்தவர் ரிசீவரை வைக்காதவரை லைன் விடுபடாது. திருடன் வைக்காமல் காத்திருக்கிறான். சர்வர் மீண்டும் ரிசீவரை எடுத்து, டோனைக் கேளாமல் எண்களைச் சுழற்றுகிறது. அவை அவன் காதில்தான் விழுகின்றன. அவன் மோடம் பதில் கொடுக்கிறது. சர்வர் உங்கள் வீட்டை அழைத்ததாக நம்பிக்கொண்டிருக்கும்.

ஆகவே, மோடத்துக்குத் தனி நேரடி லைன் கொடுங்கள், டிக்கைத் திரும்பப் போடுங்கள். போலி டயல் டோனை ஒலிக்கவிட்டு இதையும் ஏமாற்றலாம் என்பதால் கடவுச்சொல்லில் சோம்பல் வேண்டாம். லைனை மாற்றிய நாளில் முன்னாலிருந்த பூஜ்யத்தை எடுக்க மறந்து, உள்ளூர் எண்ணை எஸ்டிடி எண்ணாக்கி, இன்னொரு மாலையைத் தொலைத்தேன்.

4. வீட்டுக் கணினியில் செய்ய அதிகமில்லை. வழக்கம்போல் டயல் செய்தால், துண்டித்துவிட்டு அழைப்புக்காகக் காத்திருக்கும். கணினியைவிட வேகமாக எழுபவர்கள் வீட்டில் இருந்தால்தான் சிக்கல். கூடத்தில் இணையாக இன்னொரு தொலைபேசி எங்கள் வீட்டில் இருக்கிறது. முதல் மணியிலேயே அம்மா எடுத்து, "யாருங்க பேசுறது?" என்று மூன்று முறை மோடத்திடம் கேட்டுவிட்டு, "ஏதோ பூச்சி கத்துகிற மாதிரி இருக்கிறது" என்று வைத்துவிட்டார். இப்போது இணைக்கும் முன் அந்த வயரைப் பிடுங்கிவிடுகிறேன். கால் வெயிட்டிங்கையும் நிறுத்திவிடுங்கள். அந்த 'பீப்' இணைப்பை அறுத்துவிடக்கூடும்.

பின்சேர்க்கை: இதைப் படித்துச் செய்த இருவருக்குக் கடவுச்சொல் சரியாக இருந்தும் சர்வர் நுழைய விடவில்லை. இருவருமே அதே 'டயல்-இன்' பக்கத்தில் 'வெரிஃபை காலர் ஐடி'யையும் சேர்த்து டிக் செய்திருந்தார்கள். உங்கள் லைனோ மோடமோ அழைப்பவர் எண்ணைத் தராவிட்டால், அந்த டிக் எல்லோரையும் வெளியே நிறுத்திவிடும். அதை எடுத்தவுடன் சரியாகிவிட்டது.

இன்னொருவர் வெளியூர் போகும்போது வீட்டு எண்ணைத் தன் விடுதி எண்ணுக்குக் கால் ஃபார்வர்டு செய்கிறாராம். செய்யலாம். அவர் வீட்டுத் தொலைபேசியைத் தொட முடிந்த எவரும் அதையே செய்யலாம்.