முட்டை டெம்பராவில் துணி மடிப்பு: மூன்று கிண்ண முறை

முட்டை மஞ்சள்கருவில் நிறமித் தூளைக் குழைத்துத் தீட்டுவது டெம்பரா. இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி 1400 வாக்கில் எழுதிவைத்த கைநூல், துணி வரைய மூன்று கிண்ணம் வைக்கச் சொல்கிறது. நிழலுக்குக் கலப்பில்லாத நிறமி, வெளிச்சத்துக்கு வெள்ளை சேர்த்தது, நடுவுக்கு இரண்டும் சரிபாதி. கறுப்பு கிடையாது. அக்காலப் பலிபீட ஓவியங்களில் மாதாவின் அங்கி நிழலிலும் நிறம் மங்காமல் நிற்பது இதனால்தான். நாம் நீல அங்கியின் ஒரு பகுதியை மட்டும் வரைவோம்.

பலகை. கடையில் கிடைக்கும் அக்ரிலிக் ஜெசோ (வெள்ளை அடிப்பூச்சு) வேண்டாம். அது ஈரத்தை உறிஞ்சாது, டெம்பரா உரிந்துவிடும். ஒரு பங்கு விலங்குத் தோல் பசையை 12 பங்கு தண்ணீரில் இரவு ஊறவைத்து, மறுநாள் சூடாக்குங்கள். கொதித்தால் பசையின் பிடிப்பு போய்விடும். பிளைவுட்டின் இரு பக்கமும் ஒரு பூச்சு. மீதிப் பசையில் சாக் பவுடரைச் சலித்துப் போட்டு எட்டுப் பூச்சு, ஒன்றுக்கு ஒன்று குறுக்காக. முதல் பூச்சை விரலால் தேய்த்தால் குமிழி ஓட்டை விழாது. காய்ந்தபின் மணல்தாளால் வழவழப்பாக்குங்கள்.

மடிப்பு. கெட்டியான பருத்தித் துணியை ஒரு பாட்டில் மேல் தொங்கவிடுங்கள். வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து மட்டும் வரட்டும். மெல்லிய துணியில் சின்னச் சின்ன மடிப்புகள் பெருகிக் குழப்பும். துணி எங்கே தாங்கி நிற்கிறதோ (தோள், முழங்கை, முழங்கால்) அங்கிருந்துதான் மடிப்புகள் கிளம்பும். அந்தப் புள்ளியை முதலில் குறித்துவிட்டு, பெரிய மடிப்பு நான்கைந்தை மட்டும் நீர்த்த மையால் வரையுங்கள்.

வண்ணம். வெள்ளைக்கரு போன மஞ்சள்கருவை டிஷ்யூ பேப்பரில் உருட்டி உலர்த்தி, தோலைக் கிள்ளித் தூக்கிக் குத்துங்கள். உள்ளிருப்பது மட்டும் கிண்ணத்தில் விழட்டும். ஒரு தேக்கரண்டி தண்ணீர் சேருங்கள். அல்ட்ராமரின் என்னும் நீல நிறமித் தூளைத் தண்ணீரில் பசையாகக் குழைத்து, அதே அளவு கரு கலக்கவும். கொஞ்சம் கண்ணாடியில் தடவிக் காயவைத்து பிளேடால் சுரண்டிப் பாருங்கள்: தோலாக உரிந்தால் சரி, தூளாக உதிர்ந்தால் கரு போதவில்லை. எண்ணெய்ப் பளபளப்பு வந்தால் கரு கூடிவிட்டது.

அன்று வெள்ளை என்றால் ஈய வெள்ளை. அது நஞ்சு, டைட்டானியம் வெள்ளை போதும். ஆனால் அதற்கு வீரியம் அதிகம், வெளிச்சத்துக்கான கிண்ணத்தில் துளித்துளியாகச் சேருங்கள்.

தீட்டுதல். பிழை நடப்பது பெரும்பாலும் இங்கேதான். டெம்பரா சில நொடிகளில் காய்வதால் எண்ணெய் வண்ணம்போல இழைத்துக் குழைக்க முடியாது. நம்பர் 1 ரவுண்டு பிரஷை நனைத்து, துணியில் ஒற்றிப் பிழிந்து, மெல்லிய கோடுகளாக மடிப்பின் வளைவையொட்டி இழுங்கள். முதலில் நிழல், பிறகு நடு, கடைசியில் வெளிச்சம். இரு நிறம் சந்திக்கும் ஓரத்தில் ஒன்றன் கோடுகள் மற்றதற்குள் கொஞ்சம் நுழையட்டும். போட்ட கோட்டின் மேலேயே உடனே திரும்பப் போனால் அடிப்பூச்சு கிளம்பி வெள்ளைப் பலகை தெரியும். அந்த இடத்தை விட்டுவிட்டு, காய்ந்தபின் வாருங்கள்.

முதல் சுற்றில் நிழல் நீர்த்துப்போய்த் தெரியும். அல்ட்ராமரின் ஒளி ஊடுருவும் நிறமி, ஐந்தாறு அடுக்கு ஏறினால்தான் ஆழம் வரும். பொறுமையிழந்து கறுப்பை எடுக்காதீர்கள். எல்லா அடுக்கும் முடிந்தபின் முகடுகளில் ஏறக்குறைய வெள்ளைக் கோடு சில, குழிகளில் தனி நீலம்.

சிவப்பு அங்கி வேண்டுமானால் நிறமியைப் பார்த்து வாங்குங்கள். லண்டன் நேஷனல் கேலரியிலுள்ள, ஓவியர் லொரென்சோ மொனாகோவின் ‘மாதா முடிசூட்டு’ ஓவியத்தில் இன்று வெள்ளையாகத் தெரியும் அங்கி, முதலில் இளஞ்சிவப்பு ஊதா; அதிலிருந்த சிவப்புச் சாய நிறமி வெளுத்துவிட்டது. வெள்ளையோடு கலந்தால் இவ்வகை நிறமி இன்னும் சீக்கிரம் வெளுக்கும்.

மிஞ்சிய கரு கலவையை அன்றே கொட்டிவிடுங்கள். வார்னிஷுக்குச் சில மாதம் காத்திருக்கவும்.