ரெண்டு தோணி போகுது: ஆங்கில வினையை எழுவாயோடு பொருத்துவது

"ரெண்டு தோணி போகுது" என்று வாவிக்கரையில் நின்று சொல்கிறோம். தோணி இரண்டு; ஆனால் பெயரில் 'கள்' இல்லை, வினையிலும் பன்மை இல்லை. பேச்சில் அது பிழையே அல்ல. அதே பழக்கத்தோடு ஆங்கிலம் எழுதும்போதுதான் பிள்ளைகள் இடறுகிறார்கள். அங்கே இரண்டும் மாறவேண்டும்: 'டூ போட்ஸ் ஆர் கோயிங்'.

மரியாதையும் இடறவைக்கும். "அதிபர் வாறார்" என்பதில் ஒருவருக்கே 'ஆர்' விகுதி போடுகிறோம். ஆங்கில வினைக்கு மரியாதை தெரியாது. அதிபரும் ஒருவர்தான்: 'த பிரின்சிபல் கம்ஸ்'.

விதி சிறியது. நிகழ்காலத்தில் ஹீ, ஷீ, இட் வந்தால் வினையில் 'எஸ்' எழுத்து சேரும். ஐ, யூ, வீ, தே வந்தால் சேராது. இறந்தகாலத்தில் வொஸ், வேர் இரண்டையும் மட்டும் கவனித்தால் போதும். கேன், மஸ்ட், வில் வந்தால் அடுத்த வினையில் 'எஸ்' கூடாது. 'ஷீ டஸ் நொட் கோஸ்' என்று எழுதும் பிள்ளைக்கு, அந்த 'எஸ்' ஏற்கெனவே 'டஸ்'ஸுக்குள் போய்விட்டது என்று காட்டுங்கள். 'ஷீ டஸ் நொட் கோ' என்று தானே திருத்தும்.

உண்மையான சிக்கல் நீண்ட எழுவாயில். "தயிர்ச் சட்டிகளின் விலை கூட" என்னும்போது தலைச்சொல்லான (வினை பொருந்தவேண்டிய சொல்லான) 'விலை' வினைமுடிவுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. ஆங்கிலத்தில் அது முன்னுக்குப் போய்விடும்: 'த ப்ரைஸ் ஒஃப் த கேர்ட் பொட்ஸ் ... ஹை'. பக்கத்தில் இருக்கும் 'பொட்ஸ்' கண்ணில் பட்டு, கை 'ஆர்' என்று எழுதிவிடும்.

பென்சிலை எடுங்கள். 'ஒஃப்' தொடக்கம் வினை வரும் இடம் வரை மெல்லிய கோடு போட்டு வெட்டுங்கள். மிஞ்சுவது 'ப்ரைஸ்'. அதற்குப் பதில் 'இட்' வருமா, 'தே' வருமா? இட். ஆகவே 'ஈஸ்'. இன்னொன்று: 'த லைட்ஸ் ஒன் கல்லடி பிரிட்ஜ் ... பிரைட்'. 'ஒன் கல்லடி பிரிட்ஜ்' வெட்டுப்படும். 'லைட்ஸ்' என்றால் தே, ஆகவே 'ஆர்'. இன், வித், அஸ் வெல் அஸ் என்று தொடங்குபவற்றையும் இப்படியே வெட்டலாம். 'த டீச்சர் வித் ஹேர் ஸ்டூடன்ட்ஸ் ஈஸ் ஹியர்' என்பதில் மாணவர் எத்தனை பேரானாலும் வினை ஆசிரியைக்குத்தான். 'அன்ட்' மட்டும் வெட்டுப்படாது. அது ஆட்களைக் கூட்டுகிறது, பெரும்பாலும் 'ஆர்'தான்.

வெட்டக்கூடாத இடங்களும் உண்டு. ஸம் ஒஃப், மோஸ்ட் ஒஃப், எ லொட் ஒஃப் வந்தால் பின்னால் வரும் பெயரையே பாருங்கள்: 'மோஸ்ட் ஒஃப் த ரைஸ் ஈஸ்', 'மோஸ்ட் ஒஃப் த ஃபீல்ட்ஸ் ஆர்'. 'எ நம்பர் ஒஃப் ஃபார்மர்ஸ் ஆர்' என்றால் பல விவசாயிகள். 'த நம்பர் ஒஃப் ஃபார்மர்ஸ் ஈஸ்' என்றால் அவர்களின் எண்ணிக்கை. ஒரு சிறு 'த' வினையையே மாற்றிவிடுகிறது. இதைப் பலமுறை எழுதிப் பழக்கவேண்டும். 'வன் ஒஃப் த போய்ஸ்', 'ஈச் ஒஃப் த போட்ஸ்' இரண்டும் ஒருமை. அவற்றைத் தயங்காமல் வெட்டலாம்.

சிலவற்றை மனனம் செய்வதே வழி. நியூஸ், மெதமெடிக்ஸ் ஒருமை. பொலிஸ், பீப்பல், சில்ட்ரன் பன்மை. "எல்லாரும் வந்திட்டாங்க" என்பது நமக்குப் பன்மை, ஆங்கிலத்தில் 'எவ்ரிவன் ஹேஸ் கம்'. பணத்தொகையும் ஒருமையே: 'ஃபைவ் ஹன்ட்ரட் ருபீஸ் ஈஸ் இனஃப்'.