1737 நாடகச் சட்டம்: நான்கு வாக்கியக் கதையில் நடக்கும் தவறுகள்

பதினெட்டாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் நாடகத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் 1737 தப்பாமல் வந்து நிற்கும். பிரதமர் வால்போலை மேடையில் கிழித்தார் நாடகாசிரியர் ஹென்றி ஃபீல்டிங். கடுப்பான வால்போல் தணிக்கைச் சட்டம் போட்டார். நாடகம் செத்தது. ஃபீல்டிங் நாவல் எழுதப் போனார். நான்கு வாக்கியத்தில் கதை முடிந்தது. முழுப் பொய் என்று தள்ள முடியாது, ஆனால் ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு சறுக்கல் உண்டு.

தணிக்கை 1737இல் பிறந்ததாக எழுதுவதுதான் முதல் தவறு. அரண்மனை அதிகாரியான லார்ட் சேம்பர்லேன் அதற்கு முன்பே நாடகங்களைத் தடுத்துக்கொண்டுதான் இருந்தார். 1728இல் ஜான் கே எழுதிய 'தி பெக்கர்ஸ் ஓபரா' முதல் சீசனிலேயே 62 முறை மேடையேறியது. திருடர் கூட்டத்தைக் காட்டி ஆட்சியாளர்களை நக்கலடித்த நாடகம் அது. அதன் தொடர்ச்சியான 'பாலி' ஒத்திகையில் இருந்தபோதே, அதே ஆண்டின் கடைசியில் தடுக்கப்பட்டது. கே அசரவில்லை. முன்பணம் வாங்கிப் புத்தகமாக அச்சிட்டு நல்ல காசு பார்த்தார்.

அப்படியானால் 1737இல் புதிதாக வந்தது என்ன? அரசரின் பெயரால் நடந்துவந்த அதிகாரத்துக்கு நாடாளுமன்றச் சட்டத்தின் பலம் கிடைத்தது. புது நாடகத்தின் பிரதியை 14 நாட்களுக்கு முன்பே லார்ட் சேம்பர்லேனிடம் கொடுக்க வேண்டும், மீறினால் 50 பவுண்டு அபராதம். இந்தப் பகுதியை எல்லோரும் எழுதுகிறார்கள். பலர் விட்டுவிடுவது அரங்குகளைப் பற்றிய பகுதியை. அரச பட்டயமோ (அரங்கு நடத்த அரசர் தரும் உரிமைப் பத்திரம்) லார்ட் சேம்பர்லேனின் உரிமமோ இல்லாத இடத்தில் காசு வாங்கி நாடகம் போட்டால், நடிகரை ஊர்சுற்றி என்று பிடிக்கலாம். அடியில் இருந்தது பழைய ஊர்சுற்றிகள் சட்டம்தான், இது அதற்கான திருத்தம். இதனால் லண்டனில் பட்டயம் பெற்ற டிரூரி லேன், காவென்ட் கார்டன் இரண்டு மட்டும் தலைநிமிர்ந்து நின்றன. என் கணக்கில், எழுத்தை வெட்டிய பேனாவைவிட அரங்கை மூடிய பூட்டுதான் அதிகச் சேதம் செய்தது.

அடுத்து, எல்லாப் பழியையும் ஃபீல்டிங் தலையில் கட்டுவது. ஹேமார்க்கெட்டின் சிறிய அரங்கில் அவர் போட்ட 'பாஸ்குவின்', 'தி ஹிஸ்டாரிக்கல் ரெஜிஸ்டர்' இரண்டும் வால்போலைச் சுட்டது உண்மை. ஆனால் 1735இலேயே நாடாளுமன்ற உறுப்பினர் சர் ஜான் பர்னார்ட் அரங்குகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த ஒரு மசோதா கொண்டுவந்தார். வேலைக்காரப் பையன்கள் நாடகம் பார்த்துக் கெட்டுப்போகிறார்கள் என்பது நகர வணிகர்களின் புகார். லார்ட் சேம்பர்லேனின் கையை வலுப்படுத்தும் பிரிவை வால்போல் அதில் நுழைக்கப் பார்த்ததும் பர்னார்ட் பின்வாங்கிவிட்டார். ஆக, கட்டுப்பாடு வேண்டும் என்ற குரல் ஊரிலேயே இருந்தது. வால்போல் அதைத் தனக்குத் தோதாக வளைத்துக்கொண்டார்.

'தி கோல்டன் ரம்ப்' விவகாரத்திலும் கவனம் தேவை. அரசரை ஆபாசமாகக் கேலி செய்யும் அந்த நாடகப் பிரதியை அரங்கு நடத்துநர் கிஃபார்ட் வால்போலிடம் கொண்டுபோய்க் கொடுக்க, அவர் அதிலிருந்து சில பகுதிகளை நாடாளுமன்றத்தில் வாசித்துக் காட்டிச் சட்டத்துக்கு ஆதரவு திரட்டினார். வால்போலே ஆள் வைத்து எழுதி வாங்கியது என்று அப்போதே பேச்சு எழுந்தது. பிரதி கிடைக்கவில்லை, சந்தேகம் சந்தேகமாகவே நிற்கிறது. அதைத் தீர்ப்பு மாதிரி எழுதிவிடக் கூடாது.

சரி, நாடகம் செத்ததா? 1741 அக்டோபரில் நடிகர் டேவிட் கேரிக் மூன்றாம் ரிச்சர்ட் மன்னர் வேடத்தில் வந்து லண்டனையே கிறுகிறுக்க வைத்தாரே, அது உரிமம் இல்லாத குட்மன்ஸ் ஃபீல்ட்ஸ் அரங்கில். கச்சேரிக்கு டிக்கெட், நடுவில் நாடகம் இலவசம் என்பது அங்கே கையாண்ட தந்திரம். நடிகர் சாமுவேல் ஃபூட் 1747இல் ஹேமார்க்கெட்டில் 'சாக்லேட் பானம் அருந்த வாருங்கள்' என்று விளம்பரம் கொடுத்தார். போனவர்களுக்குக் கிடைத்தது நையாண்டி நிகழ்ச்சி. 1777இல் ஷெரிடன் எழுதிய 'தி ஸ்கூல் ஃபார் ஸ்கேண்டல்' நாடகம் உரிமம் கிடைக்காமல் நின்றபோது, அவர் நேரே லார்ட் சேம்பர்லேனைப் பார்த்துப் பேசி வாங்கிவந்தார். சட்டத்தின் வாசகத்தை மட்டும் படித்தால் இந்தச் சிபாரிசு, சந்துபொந்து எதுவும் கண்ணில் படாது. பாதிப்பு வேறு இடத்தில் விழுந்தது. போட்டி இல்லாத இரண்டு நடத்துநர்களுக்குப் புது எழுத்தாளரை நம்ப வேண்டிய அவசியம் இல்லை, ஷேக்ஸ்பியரும் பழைய நகைச்சுவைகளும் போதும்.

தடை என்றால் படைப்பு காணாமல் போயிற்று என்றும் நினைக்க வேண்டாம். அச்சுக்கான முன் அனுமதி முறை 1695இலேயே காலாவதியாகிவிட்டது. 1739இல் புதுச் சட்டப்படி தடுக்கப்பட்ட ஹென்றி புரூக்கின் 'குஸ்டாவஸ் வாசா' நாடகம் புத்தகமாக நன்றாக விற்றது. அதே வாக்கில், நாவல் வளர்ந்ததே இந்தச் சட்டத்தால்தான் என்பதும் அவசர முடிவு. 1740இல் 'பமேலா' நாவலை எழுதிய ரிச்சர்ட்சன் மேடையிலிருந்து விரட்டப்பட்டவர் அல்ல, அச்சகம் நடத்தியவர்.

நான்கு வாக்கியக் கதையில் சுத்தமாக இடமே இல்லாதவர்கள் பார்வையாளர்கள். 1738 அக்டோபரில் ஃபீல்டிங்கின் பழைய ஹேமார்க்கெட் அரங்கில் ஒரு பிரெஞ்சுக் குழு நடிக்க வந்தது, அதிகாரபூர்வ உரிமத்தோடு. உள்ளூர் நடிகர்கள் பிழைப்பில்லாமல் கிடக்க வெளிநாட்டுக்காரனுக்கு அனுமதியா என்று கூட்டம் கொதித்தது. திரை ஏறியதும் துப்பாக்கி முனையில் கத்தி செருகிய சிப்பாய்கள் மேடையில் நின்றார்கள். நீதிபதி எழுந்து மிரட்டிப் பார்த்தார். மாடியில் இருந்தவர்கள் மாட்டிறைச்சியின் பெருமை பேசும் பாட்டை எடுத்துவிட்டார்கள். அந்தப் பாட்டு ஃபீல்டிங் எழுதியது! நடனம் தொடங்கியதும் மேடையில் பட்டாணியைக் கொட்டினார்கள், ஆடுகிறவர் கால் வைத்தால் வழுக்கும். ஆட்டம் நின்றது. உரிமம் கையில் இருந்தும் கூட்டத்தின் அனுமதி கிடைக்கவில்லை. 1755இல் டிரூரி லேனிலும் பிரெஞ்சு நடனத்துக்கு எதிராக இப்படி ஒரு கலவரம், 1763இல் தாமதமாக வருபவர்களுக்கான அரைக் கட்டணச் சலுகையை எடுத்ததற்கு இன்னொன்று. இதையெல்லாம் மக்கள் சுதந்திரம் என்று கொண்டாடவும் தயங்க வேண்டும். வெளிநாட்டார் மீதான வெறுப்பும் அதில் நிறையவே இருந்தது.

கடைசியாக இடமும் காலமும். லண்டனை வைத்து பிரிட்டன் முழுவதையும் அளக்காதீர்கள். எடின்பரோ அரங்கு 1767இலும் பாத் நகர அரங்கு 1768இலும் அரச பட்டயம் பெற்றன, 1788இல் வெளியூர்களில் உள்ளூர் நீதிபதிகளே உரிமம் தர வழி பிறந்தது. அயர்லாந்தின் டப்ளினுக்கு 1737 சட்டம் செல்லாது, லண்டனில் தடுக்கப்பட்ட 'குஸ்டாவஸ் வாசா' பெயர் மாறி அங்கே மேடை ஏறியது. 1843இல் வந்த புது நாடக அரங்குச் சட்டத்தோடு தணிக்கை ஒழிந்தது என்று எழுதுகிறவர்களும் உண்டு. அன்று ஒழிந்தது இரண்டு அரங்குகளின் ஏகபோகம் மட்டுமே. பிரதியை முன்கூட்டிப் படித்துத் தடுக்கும் அதிகாரம் லார்ட் சேம்பர்லேனிடம் 1968 வரை இருந்தது.