இன்ஜின் நின்றால் எங்கே இறக்குவது: ஓசூர் – தர்மபுரி வழித்தடத்தில் சிறு விமானம்

இங்கே வரும் எண்கள் முழு எடையில் உள்ள செஸ்னா 172எஸ் விமானத்துக்கானவை. செஸ்னா 152 ஓட்டுபவர்கள் 68 நாட் (மணிக்கு 126 கிலோமீட்டர்) என்று வரும் இடத்தில் 60 என்று வைத்துக்கொள்ளலாம். வேறு விமானம் என்றால் அதன் கையேடு சொல்வதுதான்.

சக்தி போனதும் முதல் வேலை மூக்கை இறக்கி 68 நாட் பிடிப்பது. ஏறிக்கொண்டிருக்கும்போது நின்றால் வேகம் சில நொடிகளில் கரைந்துவிடும். பிடித்த கையோடு ட்ரிம் (கையை எடுத்தாலும் அதே வேகத்தில் நிறுத்தும் சிறு சக்கரம்) போட்டுவிடுங்கள். இல்லையென்றால் அடுத்து சுவிட்சைத் தேடும்போது வேகம் தானாக நழுவும். காற்று இல்லாமல், ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் தட்டு) இறக்காமல் 1000 அடிக்குச் சுமார் ஒன்றரை நாட்டிகல் மைல், அதாவது இரண்டே முக்கால் கிலோமீட்டர் சறுக்கலாம்.

இந்தப் பகுதியில் பலர் ஏமாறுவது இந்தக் கணக்கில்தான். ஓசூரை ஒட்டிய பெலகொண்டப்பள்ளி ஓடுபாதை கடல்மட்டத்திலிருந்து சுமார் 3000 அடியில் இருக்கிறது. தர்மபுரி நகரம் சுமார் 1500 அடியில். க்யூஎன்எச் வைத்த, அதாவது கடல்மட்டத்திலிருந்து உயரம் காட்டும்படி வைத்த, ஆல்டிமீட்டர் 4500 காட்டினால் ஓசூர் மேல் கையில் இருப்பது 1500 அடி, தர்மபுரி மேல் 3000 அடி. வழியில் இருக்கும் குன்றுகளின் மேல் அதைவிடவும் குறைவு. எனவே கிளம்பும் முன்பே வரைபடத்தில் ஓசூர், ராயக்கோட்டை, பாலக்கோடு, தர்மபுரி என்று ஒவ்வொரு ஊருக்கும் தரை உயரத்தை எழுதி வையுங்கள். தர்மபுரி மேல் ஆல்டிமீட்டர் 5500 காட்டும்போது இன்ஜின் நின்றால்கூட சறுக்கும் தூரம் 11 கிலோமீட்டர்தான். சேலம் விமான நிலையம் 30 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அந்த ஆசையை அங்கேயே விட்டுவிட்டு கீழே நிலத்தைப் பாருங்கள்.

எந்த நிலம்? கேழ்வரகு அறுத்த மானாவாரித் தாள் நிலம் கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. வரப்புகள் படிக்கட்டுபோல் இருக்கும். அவற்றைக் குறுக்கே வெட்டாமல் வரப்புக்கு இணையாக இறக்குங்கள். உழுத நிலம் என்றால் சால் போன திசையில். நெல் வயலில் ஈரம் இருந்தால் மூக்குச் சக்கரம் புதைந்து விமானம் கவிழ வாய்ப்பு அதிகம். ராயக்கோட்டைப் பக்கம் தக்காளித் தோட்டம் மேலிருந்து பசுமையாக, மெத்தென்று தெரியும். உள்ளே வரிசை வரிசையாகக் குச்சியும் கம்பியும். ஓசூர், தளி பக்கம் வெள்ளையாகப் பளபளப்பது பசுமைக்குடில், அதாவது இரும்புக் குழாய்க் காடு. வேலிக்குக் கருங்கல் கால் நட்டிருப்பதும் இந்த ஊர் வழக்கம். தாழ வரும்வரை அது கண்ணில் படாது.

கிணறுதான் உண்மையான ஆபத்து. கைப்பிடிச் சுவர் இல்லாத பெரிய கிணறுகள் தரையோடு தரையாக இருக்கும். வயல் நடுவே ஒரு சிறு மோட்டார் அறை, அதை நோக்கிப் போகும் கரண்ட் கம்பம், பக்கத்தில் நாலு தென்னை என்று தெரிந்தால் அங்கே கிணறு இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கம்பி கடைசி நொடியில்தான் தெரியும். கம்பம் 1000 அடியிலிருந்தே தெரியும். கம்ப வரிசையைப் பார்த்து, நடுவில் கம்பி இருக்கிறது என்று முடிவு செய்யுங்கள்.

கடல்மட்டத்தில், கெட்டியான ஓடுபாதையில், முழு ஃபிளாப்போடு தரையில் ஓடும் தூரம் சுமார் 575 அடி. 50 அடி உயரத் தடையைத் தாண்டி இறங்கினால் மொத்தம் 1335 அடி. வயலோரத்துத் தென்னை வரிசை ஒன்றே 760 அடியைத் தின்றுவிடுகிறது. எனவே நீளமான நிலத்தைவிட, வரும் பக்கம் வெட்டவெளியாக உள்ள நிலம் மேல்.

தேசிய நெடுஞ்சாலை 44 ஆசை காட்டும். லாரி, மீடியன், மேலே பெயர்ப்பலகை, உயர்கோபுர விளக்கு எல்லாம் அங்கே உண்டு. தொப்பூர் கணவாயில் சரிவும் சேரும். ஊர்ச் சாலைகளில் இருபுறமும் புளியமரம். நம் இறக்கை நீளம் 11 மீட்டர். வற்றிய ஏரியில் சீமைக்கருவேலமும் மண் எடுத்த குழியும் இல்லையென்று தெரிந்தால் மட்டும் இறங்கலாம். மாந்தோப்பு தவிர வழியே இல்லையென்றால் இரண்டு மரங்களுக்கு நடுவே உடல் போகட்டும், இறக்கைகள் அடியை வாங்கட்டும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை பெரும்பாலும் மேற்குக் காற்று. சூளைப் புகையைப் பாருங்கள். ஏரியில் அலையில்லாத கரை காற்று வரும் பக்கம். 50 நாட்டில் தரை தொடும்போது 10 நாட் எதிர்க்காற்று என்றால் தரைவேகம் 40. பின்காற்று என்றால் 60. மோதும் ஆற்றல் இரண்டேகால் மடங்கு.

நிலம் தேர்ந்த பிறகுதான் மறு இயக்கம். ஃபியூயல் ஷட்ஆஃப் (எரிபொருளை அடைக்கும் குமிழ்) உள்ளே, செலக்டர் (டேங்க் தேர்வு) போத், ஆக்சிலரி பம்ப் ஆன், மிக்சர் (எரிபொருள்-காற்றுக் கலவை) ரிச், மேக்னெட்டோ (தீப்பொறி சுவிட்ச்) போத். புரொப்பல்லர் நின்றிருந்தால் ஸ்டார்ட். கார்புரேட்டர் உள்ள விமானத்தில் கார்ப் ஹீட்டை (கார்புரேட்டருக்குச் சூடான காற்று விடும் குமிழ்) முதலில் முழுதாக இழுங்கள். எக்ஸாஸ்ட் ஆறிவிட்டால் அது வேலை செய்யாது. ஆர்பிஎம் இன்னும் விழுந்து இன்ஜின் இருமினால் பயந்து மூடாதீர்கள், பனி உருகும்போது அப்படித்தான் இருக்கும். கண்ணாடியில் எண்ணெய் அடித்தாலோ புகை வந்தாலோ இந்த வேலையே வேண்டாம். டிரான்ஸ்பாண்டரில் அவசரக் குறியீடு 7700 வைத்து, பேசிக்கொண்டிருந்த அலைவரிசையிலேயே மேடே சொல்லுங்கள். பதில் இல்லையென்றால் அவசர அலைவரிசை 121.5. ஊர், திசை, உயரம், எத்தனை பேர்: அவ்வளவு போதும்.

நிலத்துக்குப் பக்கவாட்டில் வரும்போது தரையிலிருந்து சுமார் 1000 அடி இருக்கட்டும். நிலத்தின் மூன்றில் ஒரு பங்கு உள்ளே தள்ளிக் குறிவையுங்கள். நிச்சயம் எட்டும் என்று தெரிந்த பிறகே ஃபிளாப் போட்டுக் குறியை இந்தப் பக்க விளிம்புக்கு இழுக்கலாம். வேகம் ஃபிளாப் இல்லாமல் 70 நாட், முழு ஃபிளாப்பில் 65. 30 டிகிரி வெயிலில் ஓசூரில் அடர்த்தி உயரம் (காற்றின் அடர்த்தியை வைத்து விமானம் உணரும் உயரம்) 5500 அடியைத் தொடும். தரை வழக்கத்தைவிட வேகமாக ஓடுவதுபோல் தெரியும். கண்ணை நம்பி வேகத்தைக் குறைத்தால் ஸ்டால், அதாவது இறக்கை தூக்கும் விசையை இழந்துவிடும்.

இன்ஜின் திரும்ப ஓடாமல் இறங்குவது உறுதியானதும் மிக்சர் கட், ஷட்ஆஃப் வெளியே, மேக்னெட்டோ ஆஃப். ஃபிளாப் மின்சாரத்தில் ஓடுவதால் மாஸ்டர் சுவிட்ச் கடைசியில். கதவுச் சட்டம் வளைந்தால் கதவு சிக்கும் என்பதால் தரை தொடும் முன்பே தாழ்ப்பாளை விடுவியுங்கள். வால் சற்றுத் தாழ்ந்த நிலையில் தொட்டு, பிரேக்கை அழுத்துங்கள்.

கிளம்பிய உடனே, தரையிலிருந்து 800 அடிக்குக் கீழே இன்ஜின் நின்றால் ஓடுபாதைக்குத் திரும்ப நினைக்காதீர்கள். முன்னால், இருபுறமும் 30 டிகிரிக்குள் கிடைப்பதில் இறக்குங்கள். திரும்புவதற்காக 45 டிகிரி சாய்த்தால் ஸ்டால் வேகம் 48 நாட்டிலிருந்து 57 ஆகிறது.

இறங்கியதும் காற்று வரும் பக்கமாக 50 மீட்டர் தள்ளிப் போங்கள். ஐந்து நிமிடத்தில் கூட்டம் சேரும். "அண்ணா, பெட்ரோல் ஒழுகுது, பீடியை அணைச்சிட்டுத் தள்ளி நில்லுங்க" என்று முதலில் சொல்லுங்கள். செல்ஃபி எடுக்க இறக்கையில் ஏறுபவர்களையும் தடுக்க வேண்டியிருக்கும். காயம் என்றால் 108. பிறகு டிஜிசிஏவுக்கும் (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) ஏஏஐபிக்கும் (விமான விபத்து விசாரணை அமைப்பு) தகவல். அவர்கள் அனுமதிக்கும்வரை, உயிர் காக்கும் தேவை தவிர, விமானத்தை அசைக்கக் கூடாது; வயல்காரர் டிராக்டர் கொண்டுவந்து உதவ முன்வந்தாலும்.